தோலுக்கு எது, தரைக்கு எது?

சென்ற அத்தியாயத்தில் முதலுதவிப் பெட்டியை ஒழுங்கு செய்தோம். அந்தப் பெட்டிக்குள் போகவேண்டிய பாட்டில் எது, குளியலறையோடு நிற்கவேண்டிய பாட்டில் எது என்று இப்போது பிரிக்கப்போகிறோம். பெரும்பாலான வீடுகளில் டெட்டால், சாவ்லான், பினாயில், லைசால் எல்லாம் ஒரே தட்டில்தான் இருக்கும். எல்லாமே கிருமியைக் கொல்லுபவைதானே, எதை எடுத்தால் என்ன என்ற எண்ணமும் இருக்கும். முழங்கால் சிராய்ப்பில் டெட்டாலைத் தண்ணீர் கலக்காமல் ஊற்றுவதும், வாந்தி எடுத்த இடத்தில் இரண்டு சொட்டு சாவ்லான் விட்டுத் துடைத்துவிட்டுச் சுத்தமாகிவிட்டது என்று நம்புவதும் இதனால்தான். முதலாவதில் தோல் வெந்துபோகும். இரண்டாவதில் கிருமி அங்கேயே இருக்கும்.

தெரிந்துகொள்ள வேண்டியது இவ்வளவுதான்

உயிருள்ள தோலிலும் காயத்திலும் போடுவது ஆன்டிசெப்டிக். தரை, மேசை, கழிப்பறை, பாத்திரம் என்று உயிரில்லாத பொருள்களில் போடுவது கிருமிநாசினி. இந்த நூல் முழுக்க இந்த இரண்டு பெயர்களையும் இந்தப் பொருளில்தான் சொல்கிறேன்.

காயத்தில் கிருமி மட்டும் இருப்பதில்லை. காயத்தை மூடுவதற்காக உடம்பு அனுப்பிய புதிய செல்களும் அங்கே வேலை செய்துகொண்டிருக்கின்றன. ரசாயனத்துக்கு இரண்டையும் பிரித்தறியத் தெரியாது. எனவே ஆன்டிசெப்டிக்கில் தோல் தாங்கும் சரக்கு, தோல் தாங்கும் வீரியத்தில் இருக்கும். தரைக்கு அந்தக் கவலை இல்லாததால் கிருமிநாசினியில் வீரியம் ஏறியிருக்கும். ஒரே ரசாயனம் இரண்டு வேலையும் பார்ப்பதுண்டு. அப்போது அளவுதான் அதை எந்தப் பக்கம் வைப்பது என்று தீர்மானிக்கிறது.

இந்தக் குழப்பத்துக்கு வயது அதிகம். கிளாஸ்கோவில் அறுவை மருத்துவராக இருந்த ஜோசப் லிஸ்டர், கார்லைல் நகரத்தில் சாக்கடைக் கழிவுக்குக் கார்பாலிக் அமிலம் போடுவதைக் கேள்விப்பட்டு, 1865இல் அதையே எலும்பு முறிந்த காயத்தில் பயன்படுத்திப் பார்த்தார். சீழ் பிடித்துச் சாகும் நிலையிலிருந்து நோயாளிகள் பிழைத்தார்கள். ஆனால் அந்த அமிலம் நோயாளியின் தோலையும் மருத்துவர்களின் கைகளையும் அரித்தது. தோலுக்கு ஏற்ற சரக்கைத் தேடும் வேலை அங்கிருந்து தொடங்கியதுதான். கார்பாலிக் அமிலத்தின் நெருங்கிய உறவுகள் இன்றும் கறுப்புப் பினாயிலில் இருக்கின்றன. பினாயில் பக்கம் காயத்தைக் கொண்டுபோகக் கூடாது என்பதற்கு இந்த ஒரு காரணமே போதும்.

கொரோனா நாள்களிலும் இதே குழப்பம் வந்தது. 2020 ஏப்ரல் தொடக்கத்தில் திருப்பூர்க் காய்கறிச் சந்தை வாசலில் கிருமிநாசினிச் சுரங்கம் வைத்தார்கள். உள்ளே நடந்து போகிறவர்கள்மேல் மருந்துநீர் பனிபோல் தெளிக்கும். அதைப் பார்த்துப் பல ஊர்களில் வைத்தார்கள். நல்லெண்ணத்தில் செய்ததுதான், சந்தேகமில்லை. ஆனால் அப்படித் தெளிக்கப்பட்ட சோடியம் ஹைப்போகுளோரைட், பொருளுக்கான சரக்கு. கண், மூச்சுக்குழாய், தோல் மூன்றையும் எரிக்கும். உடம்புக்குள் போய்விட்ட வைரஸை அது தொடக்கூட முடியாது. அதே மாதத்தில் மத்திய சுகாதார அமைச்சகம், மனிதர்கள்மேல் கிருமிநாசினி தெளிக்கக் கூடாது என்று அறிவுறுத்தியது.

முதல் வேலை: தட்டைக் காலி செய்து பிரியுங்கள்

அரை மணி நேரம் ஒதுக்குங்கள். குழந்தைகள் பள்ளிக்குப் போன நேரமாக இருந்தால் நல்லது.

1. வீட்டில் கிருமி கொல்லும் என்று வாங்கிய எல்லாவற்றையும் ஒரு மேசையில் வையுங்கள். சமையலறை, குளியலறை, கைப்பை, வண்டிப் பெட்டி எதையும் விடாதீர்கள்.

2. லேபிள் இல்லாத பாட்டிலை முதலில் ஒதுக்குங்கள். தெருவில் வண்டியில் கொண்டுவந்து விற்பவரிடம் வாங்கிய பினாயிலும் ஆசிட்டும் பழைய தண்ணீர் பாட்டிலிலோ கூல்டிரிங்ஸ் பாட்டிலிலோதான் பெரும்பாலும் இருக்கும். வெள்ளைப் பினாயில் தண்ணீர் கலந்தால் பால் மாதிரி, கலக்காவிட்டால் சர்பத் மாதிரி இருக்கும். தாகத்தோடு வரும் குழந்தை மூடியைத் திறந்து வாயில் வைத்துவிடும். என்ன சரக்கு என்று உறுதியாகத் தெரியாததை வைத்துக்கொள்ளாதீர்கள். உறுதியாகத் தெரிந்தால், உணவு, பானம் வந்திராத வேறு பாட்டிலுக்கு மாற்றி, பெயரை அழியாத மையில் எழுதி ஒட்டுங்கள்.

3. மிச்சமுள்ளவற்றில் பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கும் உட்பொருள் வரியைப் படியுங்கள். வாசனை, நிறம், விளம்பரம் எதையும் கணக்கில் எடுக்க வேண்டாம். உட்பொருளின் பெயரும் அதற்குப் பக்கத்தில் உள்ள சதவீதமும் மட்டும் போதும்.

4. காலாவதித் தேதி முடிந்ததை எடுத்துவிடுங்கள்.

5. இரண்டு குவியலாகப் பிரியுங்கள். ஆன்டிசெப்டிக் குவியல் முதலுதவிப் பெட்டிக்குப் போகட்டும். கிருமிநாசினிக் குவியல் வேறு அறையில், குழந்தைக்கு எட்டாத உயரத்தில், முடிந்தால் பூட்டு உள்ள அலமாரியில் இருக்கட்டும்.

உட்பொருள் வரியைப் படிக்கும்போது நம் கடைகளில் வழக்கமாகக் கண்ணில் படுபவை இவை:

குளோரோசைலெனால் (டெட்டால் திரவம், 4.8%). தண்ணீர் கலந்தால் தோலுக்கு. லேபிளில் சொல்லும் அளவுகளில் துணிக்கும் தரைக்கும் ஆகும்.

குளோர்ஹெக்சிடினும் செட்ரிமைடும் (சாவ்லான் திரவம்). ஆன்டிசெப்டிக். கண்ணிலும் காதுக்குள்ளும் படக் கூடாது. செவிப்பறையில் ஓட்டை இருந்தால் குளோர்ஹெக்சிடின் கேட்கும் திறனையே கெடுத்துவிடும்.

போவிடோன் அயோடின் (பெட்டாடைன் முதலியவை, 5%, 10%). ஆன்டிசெப்டிக். வீட்டுக்கு ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் என் தேர்வு இதுதான். கலக்க வேண்டியதில்லை, அப்படியே தடவலாம். தைராய்டு கோளாறு உள்ளவர்கள், கர்ப்பிணிகள், பச்சிளங்குழந்தைகள் இவர்களுக்கு மட்டும் மருத்துவரைக் கேட்காமல் போட வேண்டாம்.

சர்ஜிக்கல் ஸ்பிரிட். காயமில்லாத தோலுக்கும் சிறு கருவிகளுக்கும். திறந்த காயத்துக்கு வேண்டாம்.

ஹைட்ரஜன் பெராக்சைடு. நுரை பொங்குவதைப் பார்த்தால் வேலை நடக்கிறது என்று தோன்றும். அந்த நுரையில் புதிய திசுவும் சேர்ந்து அழிகிறது. ஆழமான காயத்துக்குள் ஊற்றினால் வாயுக்குமிழ் ரத்தத்தில் கலக்கும் ஆபத்தும் உண்டு. வீட்டுப் பெட்டியில் இதற்கு இடமில்லை.

பென்சால்கோனியம் குளோரைடு (லைசால் போன்ற தரைத் திரவங்கள்), சோடியம் ஹைப்போகுளோரைட், பிளீச்சிங் பவுடர், பினாயில் வகைகள். எல்லாம் கிருமிநாசினி. பூனை வளர்ப்பவர்கள் பினாயிலைத் தவிர்ப்பது நல்லது. பூனையின் ஈரலுக்கு அதை முறிக்கும் வசதி குறைவு, துடைத்த ஈரத்தரையில் நடந்துவிட்டு அது பாதத்தை நக்கும்.

கழிப்பறை ஆசிட் கறை நீக்குவதற்கானது. அதைத் தனித் தட்டில் வையுங்கள். காரணம் பின்னால் வருகிறது.

வெட்டுக்காயம், சிராய்ப்பு: செய்யும் வரிசை

1. முதலில் உங்கள் கையை சோப்புப் போட்டுக் கழுவுங்கள். காயம் பட்டவர் நீங்களாக இருந்தாலும் இது உண்டு.

2. ரத்தம் வந்தால் சுத்தமான துணியை வைத்து விடாமல் அழுத்துங்கள். நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்துப் பார்க்கக் கூடாது. எடுத்தால் உறைந்த இடம் மறுபடி திறக்கும்.

3. ஓடும் குழாய்த் தண்ணீரில் காயத்தைக் காட்டுங்கள். குடிக்கத் தகுந்த தண்ணீராக இருந்தால் போதும். மண்ணும் தாரும் ஒட்டியிருந்தால் சில நிமிடங்கள் ஆகும். அவசரப்பட வேண்டாம். காயம் சீழ் பிடிக்காமல் காப்பதில் பெரும்பங்கு இந்தக் கழுவலுக்குத்தான், அடுத்து வரும் மருந்துக்கு இல்லை. சுற்றியுள்ள தோலுக்கு சோப்புப் போடலாம்.

4. சோப்பை மிச்சமில்லாமல் கழுவிவிடுங்கள். சாவ்லானில் உள்ள இரண்டு மருந்துகளையும் சோப்பு முறித்துவிடும். சோப்பு நுரையோடு அதைப் போட்டால் போடாததற்குச் சமம்.

5. சுத்தமான கட்டுத்துணியால் ஒற்றி எடுங்கள். பஞ்சு வேண்டாம். அதன் இழை காயத்தில் ஒட்டிக்கொள்ளும்.

6. இப்போது ஆன்டிசெப்டிக். போவிடோன் அயோடின் என்றால் மெல்லிய பூச்சாகத் தடவி இரண்டு நிமிடம் காயவிடுங்கள். டெட்டாலோ சாவ்லானோ என்றால் லேபிளில் முதலுதவிக்கு என்று போட்டிருக்கும் அளவில் தண்ணீர் கலந்து, அந்தக் கலவையால் காயத்தைச் சுற்றித் துடையுங்கள். டெட்டால் தண்ணீரில் பட்டதும் வெள்ளையாகத் திரிவது இயல்பு. வெண்மை கூடினால் வீரியம் சரி என்று கண்மதிப்பில் ஊற்றாதீர்கள். மூடியிலோ அளவுக் குப்பியிலோ அளந்து ஊற்றுங்கள்.

7. உலர்ந்த கட்டுத்துணியோ பிளாஸ்திரியோ போடுங்கள். நனைந்தாலும் அழுக்கானாலும் மாற்றுங்கள். இல்லாவிட்டால் தினம் ஒருமுறை.

மறுநாள் கட்டுப் பிரிக்கும்போது காயம் சுத்தமாக இருந்தால் தண்ணீரில் அலசினால் போதும். ஒவ்வொரு முறையும் மருந்து போட்டால் ஆறுவது தள்ளிப்போகும்.

*குறிப்பு:* கலந்த டெட்டால், சாவ்லான் நீர் மிஞ்சினால் கொட்டிவிடுங்கள். நாளைக்கு ஆகும் என்று மூடி வைக்க வேண்டாம். நீர்த்துப்போன ஆன்டிசெப்டிக்கில் உயிர்வாழப் பழகிய சூடோமோனாஸ் போன்ற கிருமிகள் உண்டு. மருத்துவமனைகளிலேயே பழைய கலவையிலிருந்து தொற்று பரவியிருக்கிறது. காயத்தைத் தொட்ட பஞ்சைத் திரும்பவும் பாட்டில் வாயில் வைப்பதும் இதே ஆபத்துதான்.

முள் எடுப்பதைப் பாருங்கள்

இந்த ஒரு சின்ன வேலையில் கிருமிநாசினி, ஆன்டிசெப்டிக் இரண்டும் அடுத்தடுத்து வருகின்றன. காலில் முள் குத்தியதும் சேலையில் குத்தியிருக்கும் ஊக்கையோ தையல் ஊசியையோ எடுத்துக் குடையத் தொடங்குவது நம் வழக்கம். ஊசியை முதலில் சோப்பால் கழுவித் துடையுங்கள். பஞ்சில் ஸ்பிரிட் நனைத்து ஊசியைத் துடைத்துக் காயவிடுங்கள். இங்கே ஸ்பிரிட் கிருமிநாசினி. பிறகு பாதத்தை சோப்பால் கழுவி, முள் ஏறிய இடத்தைச் சுற்றிப் புதிய பஞ்சால் ஸ்பிரிட் தடவிக் காயவிடுங்கள். இங்கே அதே ஸ்பிரிட் ஆன்டிசெப்டிக். முள் வந்தபின் அந்தத் துளைக்குள் ஸ்பிரிட்டைப் பிழியக் கூடாது. தண்ணீரில் கழுவி போவிடோன் அயோடின் வையுங்கள்.

சுமார் 70% ஆல்கஹால் உள்ள ஸ்பிரிட் சுத்த ஆல்கஹாலைவிட நன்றாக வேலை செய்யும். கிருமியின் புரதத்தைத் திரிக்கக் கொஞ்சம் தண்ணீர் தேவை. ஆனால் எந்த அளவு ஆல்கஹாலும் டெட்டனஸ் கிருமியின் வித்துகளைக் கொல்லாது. மண் பட்ட முள், துருப்பிடித்த ஆணி என்றால் மருந்து தடவியதோடு நிறுத்தாதீர்கள். கடைசி டி.டி. ஊசி போட்டு ஐந்து ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தால் மருத்துவரைப் பாருங்கள்.

நாய் கடித்தால்

இங்கே வரிசை மாறினால் உயிர் போகும். எனவே தனியாகச் சொல்கிறேன். பூனை, குரங்கு கடித்தாலும் பிராண்டினாலும் இதேதான்.

1. உடனே குழாயைத் திறந்து, சோப்புப் போட்டு, 15 நிமிடம் கழுவுங்கள். கடிகாரத்தைப் பார்த்துக் கழுவுங்கள். மனக்கணக்கில் மூன்று நிமிடம்கூடப் பதினைந்தாகத் தெரியும். சோப்பு ரேபிஸ் வைரஸின் மேலுறையைக் கரைக்கும்.

2. கழுவியபின் போவிடோன் அயோடின் தடவுங்கள்.

3. கட்டுப் போடாதீர்கள். மஞ்சள்தூள், மிளகாய்த்தூள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதையும் அப்பாதீர்கள். சுண்ணாம்பும் மிளகாயும் திசுவைப் புண்ணாக்கி வைரஸ் நரம்புக்குள் ஏற வழிசெய்யும்.

4. அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். அரசு மருத்துவமனைகளில் தடுப்பூசி இலவசம். தோலுக்குள் போடும் முறையில் முதல் நாள், அதிலிருந்து 3, 7, 28ஆம் நாள்கள் என்று நான்கு தவணை. ரத்தம் வந்த கடி என்றால் காயத்தைச் சுற்றிப் போடும் இம்யூனோகுளோபுலின் ஊசியும் தேவைப்படும். அதைக் கேட்டு வாங்குங்கள். நாய் நன்றாகத்தானே இருக்கிறது என்று காத்திருக்காதீர்கள்.

வீட்டில் வைத்துப் பார்க்கக்கூடாத காயங்கள்

பத்து நிமிடம் அழுத்தியும் நிற்காத ரத்தம், வாய் பிளந்து நிற்கும் வெட்டு, உள்ளே ஏதோ சிக்கியிருப்பது, முகத்திலோ மூட்டிலோ ஆழமான காயம், சர்க்கரை நோயாளியின் பாதத்தில் எந்தக் காயமும். தீக்காயத்துக்கு ஆன்டிசெப்டிக்கே வேண்டாம். 20 நிமிடம் குளிர்ந்த குழாய்நீர், பிறகு மருத்துவர். பற்பசையும் பேனா மையும் பூசினால் மருத்துவர் காயத்தைப் பார்ப்பதற்கே அதைச் சுரண்டி எடுக்க வேண்டியிருக்கும்.

தரையும் பொருளும்: முதலில் அழுக்கு, பிறகு கிருமி

பெரும்பாலான நாள்களில் வீட்டுத் தரைக்குக் கிருமிநாசினியே தேவையில்லை. சோப்புநீரும் நல்ல மாப்பும் போதும். வாந்தி, வயிற்றுப்போக்கு, ரத்தம், வெள்ளம், தொற்றுநோயாளி உள்ள அறை, இவற்றுக்குத்தான் கிருமிநாசினி. தினம் பினாயில் மணக்க வேண்டும் என்ற பழக்கத்தை விட்டுவிட்டால் செலவும் மிச்சம், குழந்தையின் மூச்சுக்கும் நல்லது.

குளோரின் வகைதான் மலிவு, வீரியமும் அதிகம். கலக்கும் அளவு கீழே.

*திரவ பிளீச் (5% என்று போட்டிருந்தால்):* கதவுப் பிடி, மேசை, கழிப்பறை இருக்கை முதலியவற்றுக்கு 0.1% வேண்டும். ஒரு பங்கு பிளீச், 49 பங்கு தண்ணீர். அதாவது 20 மி.லி. பிளீச்சும் தண்ணீரும் சேர்ந்து ஒரு லிட்டர் வர வேண்டும். ரத்தமோ வாந்தியோ கிடந்த இடத்துக்கு 0.5% வேண்டும். ஒரு பங்கு பிளீச், 9 பங்கு தண்ணீர்.

*பிளீச்சிங் பவுடர்:* பாக்கெட்டில் எத்தனை சதவீதம் குளோரின் என்று பாருங்கள். வேண்டிய சதவீதத்தை அந்த எண்ணால் வகுத்து ஆயிரத்தால் பெருக்கினால் லிட்டருக்கு எத்தனை கிராம் என்று வரும். 30% பவுடரில் 0.5% கலவைக்கு 0.5 ÷ 30 × 1000, அதாவது சுமார் 17 கிராம். 0.1% கலவைக்கு சுமார் 3.3 கிராம். எடை போட வழியில்லாத வீட்டில் கரண்டிக் கணக்குப் போடுவதைவிடத் திரவ பிளீச் வாங்குவது மேல்.

கலக்கும் முறை:

1. சன்னலைத் திறந்துவையுங்கள். ரப்பர் கையுறை போடுங்கள். பழைய துணி உடுத்துங்கள். பட்ட இடம் வெளுக்கும்.

2. பிளாஸ்டிக் வாளி எடுங்கள். குளோரின் உலோகத்தை அரிக்கும்.

3. முதலில் தண்ணீர், பிறகு பிளீச். பச்சைத் தண்ணீர்தான், வெந்நீரில் குளோரின் சிதைந்துபோகும்.

4. பவுடர் என்றால் குழைத்துக் கலக்கி, சுண்ணாம்பு அடியில் தங்கும்வரை விட்டு, மேலே தெளிந்த நீரை மட்டும் வேறு வாளியில் இறுத்துக்கொள்ளுங்கள்.

5. அன்றன்றைக்குக் கலந்ததை அன்றன்றைக்கே தீர்த்துவிடுங்கள்.

*குறிப்பு:* பவுடர் பொலபொலவென்று இருக்க வேண்டும், மூடியைத் திறந்ததும் நெடி மூக்கில் ஏற வேண்டும். கட்டி தட்டி, நெடியில்லாமல் ஈரச் சுண்ணாம்பு மாதிரி இருந்தால் குளோரின் போய்விட்டது. எவ்வளவு போட்டாலும் பயனில்லை. இறுக மூடி, வெளிச்சமும் ஈரமும் படாத இடத்தில் வையுங்கள்.

சாக்கடை ஓரத்தில் கோலம் இழுப்பதுபோல் உலர்ந்த பவுடரை நீளமாகத் தூவுவதைப் பார்த்திருப்பீர்கள். குளோரின் தண்ணீரில் கரைந்தால்தான் வேலை செய்யும். அந்த வெள்ளைக் கோடு பார்ப்பவருக்கு ஆறுதல் தருவதோடு சரி. ஊராட்சியிலோ குடியிருப்போர் சங்கத்திலோ உங்களுக்குச் சொல்லும் இடம் இருந்தால், அந்தப் பவுடரைக் கலக்கித் தெளியவைத்துக் கழிப்பறைகளுக்கும் தெருக்குழாயடிக்கும் கொடுக்கச் சொல்லுங்கள்.

வாந்தி, ரத்தம் கிடந்த இடம்

1. குழந்தைகளை வேறு அறைக்கு அனுப்புங்கள். கையுறையும் முகக்கவசமும் போடுங்கள்.

2. பழைய செய்தித்தாளோ துணியோ போட்டு மூடி உறிஞ்சவிட்டு, ஓரத்திலிருந்து நடுவை நோக்கி அள்ளுங்கள். பையில் போட்டுக் கட்டுங்கள். துடைப்பத்தால் பெருக்காதீர்கள். தெறிக்கும்.

3. சோப்புநீரால் கழுவி, வெறும் தண்ணீரால் அலசுங்கள். அழுக்கு மிஞ்சினால் குளோரின் அதோடு மல்லுக்கட்டியே தீர்ந்துவிடும், கிருமிக்கு மிச்சமிருக்காது.

4. 0.5% கலவையை இடம் முழுதும் நனையும்படி ஊற்றி 10 நிமிடம் அப்படியே விடுங்கள். பெரும்பாலோர் தவறுவது இந்த இடத்தில்தான். ஊற்றிய கையோடு துடைத்தால் கிருமி நனைந்ததோடு சரி. எந்தக் கிருமிநாசினியானாலும் லேபிளில் எத்தனை நிமிடம் என்று பார்த்து, அத்தனை நிமிடம் ஈரம் நிற்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

5. வெறும் தண்ணீரால் துடைத்துவிட்டு, கையுறையைக் கழற்றி, கையை சோப்பால் கழுவுங்கள்.

வெள்ளம் புகுந்த வீட்டுக்கும் இதே வரிசைதான், அளவு பெரிது. 2015 டிசம்பரில் சென்னையிலும் கடலூரிலும் வீடு திரும்பியவர்கள் முழங்கால் சேற்றில் பவுடரைக் கொட்டினார்கள். சேறு இருக்கும்வரை அது வீண். முதலில் மின் இணைப்பைத் துண்டித்து, சேற்றை வாரி, சோப்புநீரால் தேய்த்துக் கழுவி, தரையையும் தண்ணீர் ஏறிய உயரம்வரை சுவரையும் 0.1% கலவையால் நனைத்து, பிறகு சன்னல்களைத் திறந்து நன்றாகக் காயவிட வேண்டும். ஊறிய மெத்தையையும் தலையணையையும் எந்த மருந்தாலும் காப்பாற்ற முடியாது. அவற்றைத் தூக்கிப்போடுங்கள்.

ஒருபோதும் சேர்க்கக்கூடாதவை

*பிளீச்சும் கழிப்பறை ஆசிட்டும்.* இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். சின்னக் குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு தேய்ப்பவருக்கு இரண்டு மூச்சில் நுரையீரல் எரியும். ஹார்பிக் போன்ற கழிப்பறைத் திரவங்களிலும் அமிலம்தான் இருக்கிறது. கறை போகவில்லையே என்று அதன்மேல் பிளீச்சிங் பவுடர் தூவுவது நம் வீடுகளில் சர்வசாதாரணம். இன்றோடு நிறுத்துங்கள். ஒன்றை ஊற்றினால் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவி, மற்றதை மறுநாள் வைத்துக்கொள்ளுங்கள். வினிகருக்கும் எலுமிச்சைச்சாறுக்கும் இதே விதி.

*பிளீச்சும் அம்மோனியாவும்.* கண்ணாடி துடைக்கும் சில திரவங்களில் அம்மோனியா உண்டு. சிறுநீர் தேங்கிய இடத்திலும் பிளீச் நச்சுப்புகை கிளப்பும். முதலில் தண்ணீரால் கழுவுங்கள்.

*பிளீச்சும் ஸ்பிரிட், சானிடைசரும்.* இதிலும் நச்சு உண்டாகும்.

*தரைத் திரவமும் சோப்புப் பவுடரும் ஒரே வாளியில்.* ஆபத்தில்லை, ஆனால் இரண்டும் ஒன்றையொன்று முறித்துவிடும். வேலைக்கு வருபவருக்கும் இதை எல்லாம் சொல்லிக் கொடுங்கள். நாள் முழுக்க இந்தப் பாட்டில்களோடு இருப்பவர் அவர்தான். கையுறையும் வாங்கிக் கொடுங்கள்.

கை, குளியல், கைபேசி

கையில் அழுக்கோ எண்ணெய்ப் பிசுக்கோ தெரிந்தால் சோப்புதான். சானிடைசர் வெளியில் போகும்போது, தண்ணீர் இல்லாத இடத்தில். ஆல்கஹால் 60 சதவீதத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும். கை முழுதும் படும்படி எடுத்துக் காயும்வரை தேய்க்க வேண்டும். ஈரக்கையோடு அடுப்பையோ சாமி விளக்கையோ பற்றவைக்காதீர்கள். வயிற்றுப்போக்கைப் பரப்பும் நோரோவைரஸ் ஆல்கஹாலுக்கு எளிதில் மசியாது. வீட்டில் யாருக்காவது வயிறு போனால் சானிடைசரை நம்பாமல் சோப்பால் கழுவுங்கள்.

குளிக்கும் தண்ணீரில் தினம் டெட்டால் விடுவது தேவையில்லை. வறண்ட தோலும் அரிப்பும்தான் மிஞ்சும். பச்சிளங்குழந்தைக்கு அறவே கூடாது. தொப்புள்கொடியை உலர்வாக வைப்பதே மருத்துவம். மருத்துவர் சொல்லாமல் எதையும் தடவாதீர்கள்.

கைபேசியை அணைத்து, ஸ்பிரிட் தொட்ட மெல்லிய துணியால் துடையுங்கள். நேரே தெளிக்காதீர்கள்.

தவறு நடந்துவிட்டால்

இந்தப் பகுதியைக் கத்தரித்து அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டி வையுங்கள்.

*கண்ணில் பட்டால்:* இமையைப் பிரித்துப் பிடித்து, ஓடும் தண்ணீரில் குறைந்தது 15 நிமிடம் கழுவிவிட்டு மருத்துவமனைக்கு. வழியிலும் கழுவ முடிந்தால் கழுவுங்கள்.

*தோலில் பட்டால்:* நனைந்த துணியைக் கழற்றிவிட்டுத் தண்ணீர் விட்டுக்கொண்டே இருங்கள். எரிச்சலை முறிக்க வேறெதையும் ஊற்ற வேண்டாம். டெட்டாலில் நனைத்த துணியை வைத்துக் கட்டிவிட்டது தெரிந்தால் உடனே பிரித்துக் கழுவுங்கள். கட்டுக்குள் அடைபட்ட டெட்டால் தோலை வேகவைக்கும்.

*புகையை மூச்சில் இழுத்தால்:* வெளியே வாருங்கள். கலந்த வாளியை எடுக்கத் திரும்பி உள்ளே போகாதீர்கள். இருமலோ மூச்சிரைப்போ நிற்காவிட்டால் மருத்துவமனை.

*விழுங்கிவிட்டால்:* வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உப்புக்கரைசல் கொடுப்பது, தொண்டையில் விரல் விடுவது இரண்டும் கூடாது. பினாயில் திரும்பி மேலே வரும்போது நுரையீரலுக்குள் போய்விடும். ஆசிட் தொண்டையை இரண்டாவது முறை அரிக்கும். வாயைக் கொப்பளித்துத் துப்பச் செய்யுங்கள். 108ஐக் கூப்பிடுங்கள். பாட்டிலைக் கையோடு எடுத்துப் போங்கள்; லேபிளில் உள்ள உட்பொருள் வரியைப் பார்த்துத்தான் மருத்துவர் சிகிச்சையைத் தொடங்குவார்.